கண்ணாடி ஃப்யூசிங் வகுப்பில் சேரும் முன் கில்னை எப்போது திறப்பார்கள் என்று கேளுங்கள்

நாகர்கோவில், தக்கலை பக்கம் "இரண்டே நாளில் கண்ணாடி ஃப்யூசிங்" (வண்ணக் கண்ணாடியை மின்சூளையில் உருக்கி ஒட்டும் வேலை) என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அப்படி ஒரு வகுப்புக்கு 14,500 ரூபாய் கட்டினேன். அவர்களிடமே வாங்கியாக வேண்டும் என்று சொன்ன கண்ணாடி கிட்டுக்குத் தனியாக 6,000. அங்கே செய்த தட்டுகளில் ஒன்றுகூட இன்று முழுசாக இல்லை.

விளம்பரத்தில் கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தின் படம்தான் பெரிதாக இருந்தது. 2024 டிசம்பர் 30-ல் திறந்த பாலம், பார்க்க ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. சங்கும் சிப்பியும் விற்கிற ஊரில் கண்ணாடி மீனும் பதக்கமும் விற்கலாமே என்று ஆசை காட்டினார்கள். அந்த ஆசையில் தப்பே கிடையாது. நன்றாகச் செய்தால் விலைபோகிற வேலைதான் இது. அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

வேலை இதுதான். வண்ணக் கண்ணாடியை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கில்ன் என்கிற மின்சூளையில் 800 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோனால் எல்லாம் உருகி ஒரே துண்டாகும். அதை அச்சின்மேல் வைத்து மறுபடி 650 டிகிரி அளவில் சூடாக்கினால் வளைந்து கிண்ணமாகும். இதற்கு ஸ்லம்பிங் என்று பெயர். பார்க்க அழகான பகுதி இவ்வளவுதான், வகுப்பில் காட்டியதும் இவ்வளவுதான்.

தட்டு நிலைப்பதா உடைவதா என்பது ஆறவைப்பதில் இருக்கிறது. உருகிய கண்ணாடியின் மேற்பரப்பு முதலில் இறுகும், உள்ளே இன்னும் சூடு இருக்கும். அப்படியே வேகமாக ஆறினால் உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடும். அதைத் தீர்ப்பதற்குத்தான் அனீலிங், அதாவது ஒரு குறிப்பிட்ட சூட்டில் நிறுத்திவைத்து மெல்ல ஆறவைப்பது. பலரும் பயன்படுத்தும், 90 என்று எண் போட்டு விற்கிற கண்ணாடிக்கு (எண் எதற்கென்று கீழே சொல்கிறேன்) அந்தச் சூடு 482 டிகிரி. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டை அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு 370 டிகிரி அளவு வரை மெல்ல இறக்கி, அப்புறம் மூடியைத் தொடாமல் விட வேண்டும். காலையில் கில்னை ஏற்றினால் மறுநாள் காலையில் திறப்பதுதான் சாதாரண நடைமுறை. ஒரு கிண்ணத்துக்கு உருக்க ஒரு முறை, வளைக்க ஒரு முறை. ஒரே கில்னை வைத்து இரண்டு நாளில் ஆளுக்கு நாலு கிண்ணம் என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கண்ணாடி உருகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மூடியைத் தூக்கி, இடையில் செங்கல் ஒன்றைச் சொருகி, எதிரே டேபிள் ஃபேனைப் போட்டார் பயிற்சியாளர். உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம். ஏன் இவ்வளவு சீக்கிரம் திறக்கிறீர்கள் என்றால், "அடுத்த பேட்ச் வைக்கணும் மக்ளே, நேரம் இல்ல" என்கிறார். எடுக்கும்போதும் வெதுவெதுப்பாக இருந்த தட்டைத் தினத்தந்தியில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

இரண்டாவது விஷயம் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியும் எல்லாக் கண்ணாடியோடும் சேராது. சூட்டில் விரிகிற அளவைக் குறிக்கத்தான் 90, 96 என்று எண் போட்டு விற்கிறார்கள். ஒரே எண், முடிந்தால் ஒரே கம்பெனி என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். கிட்டில் இருந்த பாக்கெட்டில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. அடித்தளத்துக்குக் கொடுத்த "இம்போர்டட்" கண்ணாடியை விளிம்புவழியாகப் பார்த்தால் பச்சையடித்தது, ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி போல. 90-ஆ 96-ஆ என்று கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்" என்று பதில்.

என் நீல மீன் தட்டு ஷோகேஸில் யாரும் தொடாமல் இருந்தபோதே ஒரு ராத்திரி பட்டென்று விட்டது. விரிசல் மீனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போயிருந்தது. சேராத கண்ணாடி இப்படித்தான் உடையும். இன்னொரு தட்டில் விரிசல் நடுவில் வளைந்து நெளிந்து, கடைசியில் கொக்கி மாதிரி திரும்பி நின்றது. அது பெரும்பாலும் அனீலிங் செய்யாததன் அடையாளம். படம் எடுத்து அனுப்பினேன். "கண்ணாடின்னா உடையத்தான் செய்யும் மக்ளே, சர்ட்டிஃபிகேட் தந்தாச்சே" என்று ஒரு வரி. பைசாவைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வகுப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் கில்ன் கன்ட்ரோலரில் ஓடும் ஷெட்யூலைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டிகிரியில் எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது திறப்பார்கள், நடுவில் கரண்டு போனால் என்ன செய்வார்கள் (மழைக்காலத்தில் நம்ம ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை) என்பதற்கு நேரான பதில் வர வேண்டும். கண்ணாடி பாக்கெட்டில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கில்ன் தட்டில் பூசிய வெள்ளைப் பூச்சைச் சுரண்டும்போது மாஸ்க் தருகிறார்களா என்பதையும் கவனியுங்கள். எங்களுக்குத் தரவில்லை.

அவர்கள் செய்த பழைய துண்டு ஒன்றை நீங்களே சோதிக்கலாம். எல்சிடி லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை கறுக்கும்வரை திருப்புங்கள். இடையில் துண்டைப் பிடித்தால், இழுவிசை உள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். கறுப்பாகவே இருந்தால் நல்லது.

ஏமாந்தவர்கள் ரசீதையும் ஜிபே விவரத்தையும் அழிக்காமல் வையுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதே வகுப்பில் செய்த தட்டு வீட்டில் இருந்தால், அதில் சூடாக எதையும் வைக்க வேண்டாம். குழந்தைகள் நடமாடும் இடத்திலிருந்து எடுத்து, துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.