விண்டோஸ் புதுசாகப் போட்ட பிறகும் பிழை வருகிறதா? எந்த வழி எதற்கு உதவும்

என் பெரியப்பா மகன் டிடிபி வேலை செய்கிறவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், வக்கீல் ஆபீஸ் பத்திரம் எல்லாம் அவருடைய லேப்டாப்பில்தான். அது ரொம்ப மெதுவாகிவிட்டது என்று பக்கத்துக் கடையில் கொடுத்தார். விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் டச்பேட் வேலை செய்யவில்லை. திரும்பக் கொண்டுபோனார், மறுபடி விண்டோஸ் போட்டார்கள். அப்போதும் அதே கதை. மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்துவிட்டு, "டச்பேட் போயிடுச்சுண்ணே, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் அது என் மேசைக்கு வந்தது.

ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மஞ்சள் முக்கோணம் போட்டு ஐந்து வரிகள். அதில் இரண்டு, இன்டெலின் சீரியல் ஐஓ. இன்றைய இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலான டச்பேட்கள் அந்த வழியாகத்தான் பிராசசரோடு பேசுகின்றன. அதற்கான டிரைவர், அதாவது அந்தப் பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள், இல்லையென்றால் டச்பேட் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து அதை இறக்கிப் போட்டேன். கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்ததும் அம்புக்குறி நகர்ந்தது. மூன்று தடவை இல்லை, முப்பது தடவை விண்டோஸ் போட்டிருந்தாலும் அது நகர்ந்திருக்காது.

இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். விண்டோஸ் போட்ட பிறகு பிழை வந்தால் நம் ஊரில் முதலில் கையில் எடுப்பது "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பதைத்தான். அது நான்கு வழிகளில் ஒன்று. நான்கிலும் அதிகமாக அழிப்பதும் அதுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒன்று இல்லாததால் வரும் பிழை வேறு, விண்டோஸ் கோப்புகள் கெட்டுப்போய் வரும் பிழை வேறு, ரேம், எஸ்எஸ்டி போன்ற பாகம் கெட்டு வரும் பிழை வேறு. சவுண்டு இல்லை, வைஃபை இல்லை, ஒரு மென்பொருள் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால் முதல் வகை. அப்டேட் பாதியில் நிற்கிறது, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, செட்டிங்ஸ் தானாக மூடிக்கொள்கிறது என்றால் இரண்டாவது வகையாக இருக்கலாம். நீலத்திரை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் வந்தால் மூன்றாவதைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது வகைக்குத்தான் நான்கு வழிகளும் போட்டியிடுகின்றன. மிகச் சின்னது, எஸ்எஃப்சி, டிஸ்ம் என்ற இரண்டு கட்டளைகள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஓட்ட வேண்டும். எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், விண்டோஸின் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கெட்டதை எடுத்துவிட்டு நல்ல பிரதியை வைக்கும். அந்த நல்ல பிரதி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம். அதே சி டிரைவில் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் விண்டோஸ் ஒரு இருப்பு வைத்திருக்கிறது. இருப்பே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி, "கெட்ட கோப்புகள் கிடைத்தன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்று கைவிரித்துவிடும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இருப்பைச் சரிசெய்வது டிஸ்மின் வேலை. அதன் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து நல்ல கோப்புகளைக் கொண்டுவரும். நெட் இல்லையென்றால் விண்டோஸ் நிறுவும் கோப்புகள் மொத்தமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மூலமாகக் காட்டலாம். அதனால் டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி அப்புறம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் வரிசையும் அதுவே.

இதில் எந்த இழப்பும் இல்லை, ஃபோட்டோவும் போகாது, மென்பொருளும் போகாது. அரைமணி, முக்கால் மணி நேரம்தான். ஆனால் நேற்றுதான் போட்ட விண்டோஸில் எஸ்எஃப்சி கெட்ட கோப்புகளைக் கண்டுபிடித்தால், சரிசெய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு நாள் வயதான விண்டோஸ் கெட்டுப்போக நியாயமே இல்லை. பென்டிரைவோ எஸ்எஸ்டியோ ரேமோ எழுதும்போதே தப்பாக எழுதியிருக்கலாம்.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் மேலேயே மறுபடி நிறுவுவது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஏனோ நம் கடைகளில் இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓவை இறக்கி, டபுள் கிளிக் செய்தால் அது ஒரு டிரைவ் மாதிரித் திறக்கும். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டி, கோப்புகளும் ஆப்களும் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் கோப்புகள் மொத்தமும் புதிதாகும், உங்கள் கணக்கு மென்பொருளும் அதன் லைசென்ஸும் அப்படியே இருக்கும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் விண்டோஸ் அப்டேட் வழியாகவே இதைச் செய்ய ஒரு பட்டன் உண்டு.

நிபந்தனைகளும் உண்டு. ஐஎஸ்ஓவின் மொழியும் ஹோமா புரோவா என்பதும் பொருந்த வேண்டும். இருக்கிற பதிப்பைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. முக்கியமாக, விண்டோஸ் திறக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்து இதைச் செய்ய முடியாது. இன்னொரு குறை, பழைய டிரைவர்களையும் கூடவே கொண்டுவந்துவிடும். பிழைக்குக் காரணமே ஒரு கெட்ட டிரைவர் என்றால் அதுவும் பத்திரமாக வந்து சேரும்.

ரீசெட் என்பதை மூன்றாவதாக வைக்கிறேன். கீப் மை ஃபைல்ஸ் என்ற பெயரைப் பார்த்து எல்லாம் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். கோப்புகள் இருக்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். எவையெல்லாம் போயின என்று டெஸ்க்டாப்பில் ஒரு பட்டியல் மட்டும் கிடைக்கும். உள்ளே லோக்கல், கிளவுட் என்று இரண்டு வழி கேட்கும். லோக்கல், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் அதே கோப்புகளை வைத்தே புது விண்டோஸைக் கட்டும். அவையே கெட்டிருந்தால் பழுதான சுவரின் கல்லை எடுத்துப் புதுச் சுவர் வைத்த கதைதான். கிளவுட் என்றால் ஏறக்குறைய 4 ஜிபி இறக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி கிடைக்கும் செல்போன் பேக்கை ஹாட்ஸ்பாட்டாக வைத்து இதைத் தொடங்காதீர்கள். லேப்டாப்பை யாருக்காவது கொடுக்கப் போகிறோம் என்றால் ரீசெட் நல்லது. பிழை திருத்த என்றால், மேலே சொன்ன இரண்டும் முடிந்த பிறகுதான்.

கடைசியாக, பென்டிரைவிலிருந்து சுத்தமாகப் போடுவது. வைரஸ் உள்ளே போயிருந்தாலும், கிராக் செய்த விண்டோஸ் இருந்தாலும் எனக்கு இது ஒன்றுதான் வழி. அந்த ஐஎஸ்ஓக்களில் யார் எதை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது, அதைச் சரிபார்த்து உட்கார்ந்திருப்பதில் பலனில்லை. கடையில் விண்டோஸ் 10 போட்டுத் தருகிறோம் என்றால் மட்டும் யோசியுங்கள்: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

சுத்தமாகப் போடுவதில் புதுப் பிழைகள் பிறக்கின்றன. 11-ஆம் தலைமுறை இன்டெல் தொடங்கி நிறைய லேப்டாப்களில் நிறுவும்போதே "டிரைவ் எதுவும் இல்லை" என்று வரும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸ் திரையில், விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும், அதற்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் பெரும்பாலும் இருக்காது. கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு, லோட் டிரைவர் பட்டனில் காட்டினால் டிரைவ் தெரியும். விஎம்டியை ஆஃப் செய்தும் போடலாம். எதைச் செய்தாலும் விண்டோஸ் போட்ட பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் அடுத்த தடவை ஆன் செய்யும்போது பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வரும். அதைப் பார்த்துத்தான் பல பேர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பயாஸில் பழையபடி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரையும் மறக்கக்கூடாது. டி டிரைவும் பூட்டப்பட்டிருந்தால், புது விண்டோஸ் அதைத் திறக்க 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். விண்டோஸ் போடும் முன்பே அதை எழுதி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் தேடிப் பார்க்கலாம். அங்கேயும் இல்லை, வேறெங்கும் இல்லை என்றால் அந்த டேட்டா போனது போனதுதான். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இப்படி இழந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

சரி, முதல் வகைக்கு வருவோம். உண்மையில் விண்டோஸ் போட்ட பிறகு வரும் புகார்களில் நான் பார்த்த பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

டிரைவர் எங்கிருந்து எடுப்பது என்பதிலும் போட்டி உண்டு. முதலில் விண்டோஸ் அப்டேட்டை முழுக்க ஓடவிடுங்கள், ஆப்ஷனல் அப்டேட்ஸ் உள்ளேயும் பாருங்கள். பாதி மஞ்சள் முக்கோணங்கள் அதிலேயே மறையும். மிச்சத்துக்கு லேப்டாப் கம்பெனி தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுங்கள். சிப்செட் முதலில், பிறகு சீரியல் ஐஓ, மேனேஜ்மென்ட் எஞ்சின், அதற்கப்புறம் கிராஃபிக்ஸ், சவுண்டு. கிராஃபிக்ஸுக்கு மட்டும் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களில் இருக்கும் புதிய டிரைவர் டெஸ்க்டாப்பில் நல்லது. லேப்டாப்பில் கம்பெனி கொடுத்ததை முதலில் போடுவேன். வைஃபையே வேலை செய்யவில்லையா? செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும்.

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடுகிறோம் என்கிற டிரைவர் பேக் மென்பொருள்களை நான் தொடுவதில்லை. தப்பான பதிப்பைப் போட்டுவிடும், கூடவே கேட்காத மென்பொருள்களையும் இறக்கும். பெயர் தெரியாத சாதனத்தைக் கண்டுபிடிக்க அது தேவையுமில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த வரியின் ப்ராபர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போங்கள். வென் என்பதை அடுத்து நான்கு இலக்கம் இருக்கும். 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 10டிஇ என்விடியா, 1002 ஏஎம்டி. அந்த வரியை அப்படியே தேடினால் சாதனத்தின் பெயர் கிடைத்துவிடும்.

மென்பொருளைத் திறந்தால் "விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை" என்று வருவதும் இந்த வகைதான். அந்த ஒரு கோப்பை மட்டும் டிஎல்எல் தரும் தளங்களிலிருந்து இறக்கி சிஸ்டம்32-இல் ஒட்டாதீர்கள். அது எந்தப் பதிப்பு, யார் கை பட்டது எதுவும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போட்டால் போதும். 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள், 32 பிட் மென்பொருள்களுக்கு முந்தியதுதான் வேண்டும்.

மூன்றாவது வகையில், பாகம் கெட்டிருந்தால், நான்கு வழிகளுமே தோற்றுப்போகும். சுத்தமாகப் போட்ட விண்டோஸிலும் நீலத்திரை தொடர்ந்தால் மென்பொருளை விட்டுவிட்டு ரேமைப் பாருங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள், பிறகு மற்றதை. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் வேகமானது, ஆனால் சில கோளாறுகளைத் தவறவிடும். மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுவது எனக்கு நம்பகமாகப் படுகிறது. ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் என்ற பெயரில் பிழைகள் வரிசையாக இருந்தால் வன்பொருள்தான் குரல் கொடுக்கிறது.

அண்ணன் லேப்டாப்புக்குத் திரும்புகிறேன். டச்பேட் வேலை செய்ததும் சந்தோஷமாகத் தன் பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தார். முகம் மாறிவிட்டது. தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. "தம்பி, ஃபைல் எல்லாம் கரப்ட் ஆயிடுச்சுடா." ஃபைல் கெடவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது, விண்டோஸோடு எழுத்துருவும் போய்விட்டது. அந்த அரைப்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி. நல்லவேளை, கடையில் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் மேலேயே போட்டிருந்தார்கள். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் இருந்தது, பக்கத்திலேயே எண் ஒட்டிய இன்னும் இரண்டு. விண்டோஸ் அந்தப் பழைய ஃபோல்டரைப் பத்து நாள் கழித்துத் தானாக அழித்துவிடுவது வழக்கம். நமக்கு ஆறு நாள் மிச்சம் இருந்தது.

மூன்றையும் திறந்து பார்த்ததில் ஒன்றின் உள்ளே, விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில், அவர் பல வருஷமாகச் சேர்த்த எழுத்துருக்கள் அத்தனையும் இருந்தன. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், இன்ஸ்டால். பத்திரிகையை மூடித் திறந்ததும் மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே மாப்பிள்ளை பெண் பெயர். அண்ணன் அன்றைக்கே அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டார். பிஎன்பியுடில் கட்டளையால் டிரைவர்களையும் ஏற்றுமதி செய்து அதே பென்டிரைவில் வைத்துக் கொடுத்தேன்.