42 லட்சம் கிலோ மீன் கூடை: டெஸ்ட்டை டீபக்கில் ஓட்டுவதா, ரிலீஸிலா?

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் தெரிந்த அண்ணன் ஒருவருக்கு ரஸ்ட் மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதி, டெபியன் லினக்ஸில் நிறுவும் டெப் பேக்கேஜாகக் கட்டிக் கொடுத்திருந்தேன். தராசிலிருந்து மொத்த எடை வரும், அதில் காலிக் கூடையின் எடையைக் கழித்துத் திரையில் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. முதல் வாரமே விடியற்காலை நான்கு மணிக்கு போன். "இன்னா தம்பி, ஒரே கூடைல ஹார்பரையே நிறுத்துட்டியா?" அவர் அனுப்பிய போட்டோவில் 4294967.246 கிலோ என்றிருந்தது.

காலிக் கூடைக்கு 1500 கிராம் என்று பதிந்திருந்தேன். அவர் வெறுமனே வைத்த சின்னக் கூடையோ 1450 கிராம். மைனஸே இல்லாத 32 பிட் எண்ணில் மைனஸ் 50க்கு ஏது இடம்? பிழை தேடுவதற்கான டீபக் மோடில் கட்டிய நிரலாக இருந்தால் அங்கேயே பேனிக் ஆகி, அதாவது பிழை என்று சொல்லி, நின்றிருக்கும். பயன்பாட்டுக்குக் கொடுக்க வேகமாக்கிக் கட்டும் ரிலீஸ் மோடில் இந்த ஓவர்ஃப்ளோ சரிபார்ப்பு (எண் தன் எல்லையை மீறுகிறதா என்ற சோதனை) இயல்பாகவே அணைந்திருக்கும். எண் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்விடும்.

வெட்கக்கேடு என்னவென்றால், இதற்கென்றே டெஸ்ட் எழுதியிருந்தேன். கூடை எடை அதிகமானால் பேனிக் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கும் டெஸ்ட் அது. ரஸ்ட் நிரல்களைக் கட்டும் கருவி கார்கோ; அதில் 'கார்கோ டெஸ்ட்' என்று சும்மா அடித்தால் டீபக்கில்தான் ஓடும். ஓடியது, எல்லாம் பச்சை. காசிமேட்டுக்குப் போனது ரிலீஸில் கட்டிய பைனரி, அதாவது ஓடும் கோப்பு.

சரி, சொந்த நிரலோ அடுத்தவர் நிரலோ, பேக்கேஜ் கட்டும்போது என்னதான் செய்வது? டீபக்கில் டெஸ்ட், ரிலீஸில் பைனரி என்பதுதான் பலர் பழக்கம். இதற்கும் நியாயம் உண்டு. நிரலை எழுதியவர் தன் கணினியில் அப்படித்தான் ஓட்டியிருப்பார். ஓவர்ஃப்ளோவும், டீபக்கில் மட்டும் உயிர்பெறும் அசர்ட்டுகளும் ('இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்' என்று நிரலுக்குள் எழுதும் சோதனைகள்) இதில்தான் பிடிபடும். ஆனால் கார்கோ இரண்டு மோடுக்கும் தனித்தனி அடைவு வைத்திருக்கிறது. சார்ந்திருக்கும் நூலகங்கள் எல்லாம் இரண்டு முறை கம்பைல் ஆகும். தண்டையார்பேட்டையில் என் மாடி அறையில், பழைய லேப்டாப்பின் ஃபேன் சத்தத்தில், அந்த இரண்டாவது முறைக்குள் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம்.

ரிலீஸிலேயே டெஸ்ட்டையும் ஓட்டினால், ஏற்கெனவே கம்பைல் ஆன நூலகங்கள் பெரும்பாலும் அப்படியே பயன்படும். பேனிக் ஆனால் 'அபார்ட்', அதாவது நிரல் உடனே செத்துவிட வேண்டும், என்று அமைத்திருந்தால் மட்டும் அந்த லாபம் கிடைக்காது. டெஸ்ட்டுகளை ஓட்டும் ஹார்னஸுக்கு, பேனிக்கிலிருந்து மீண்டு வரவிடும் 'அன்வைண்ட்' தேவை என்பதால் நூலகங்களும் மறுபடி கட்டப்படும். எல்டிஓ (துண்டுகளை இணைக்கும்போதே மொத்த நிரலையும் வேகமாக்கும் வசதி) போட்டிருந்தால் லிங்க்கிங் என்ற அந்த இணைப்பு வேலை இழுக்கும், அதுவும் டெஸ்ட்ஸ் அடைவில் உள்ள ஒவ்வொரு கோப்பும் தனி பைனரி என்பதால். இன்னொரு தலைவலி, டீபக்கை மனத்தில் வைத்து எழுதிய டெஸ்ட் இங்கே சிவப்பாகும். அடுத்தவர் நிரலைக் கட்டுகிறவர் இதைப் பார்த்துக் குழம்புவார். நிக்ஸ் என்ற பேக்கேஜ் கருவியில் டெஸ்ட்டின் மோடை மட்டும் தனியாக மாற்ற வழி இருப்பது இந்த மாதிரி இடங்களுக்கு உதவும்.

என் ஓட்டு ரிலீஸுக்குத்தான். டீபக் டெஸ்ட்டை எழுதியவர் ஏற்கெனவே ஓட்டியிருப்பார். இந்தக் கம்பைலர், இந்த ஆப்டிமைசேஷன், இந்த நூலகப் பதிப்பு என்ற கூட்டணியைச் சோதிக்கப் பேக்கேஜ் கட்டுகிறவரை விட்டால் ஆள் இல்லை. சொந்த நிரல் என்றால் நடுவழி ஒன்றும் உண்டு. கார்கோ கோப்பின் ரிலீஸ் பிரிவில் ஓவர்ஃப்ளோ சரிபார்ப்பை ஒரே வரியில் திரும்ப இயக்கிவிடலாம். வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் தராசு நிரலுக்கு என்ன அவசரம்?

சி, சி++ பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே நிரலைக் கட்ட உதவும் கருவியான சிமேக்கின் ரிலீஸ் மோடு வழக்கமாக, அசர்ட்டுகளை அணைக்கும் என்டீபக் என்ற மேக்ரோவைப் போட்டுவிடும்; உடனே அசர்ட் எல்லாம் மாயம். வெறும் அசர்ட்டை நம்பி எழுதிய டெஸ்ட், எதையுமே சோதிக்காமல் நூற்றுக்கு நூறு வாங்கும். டீபக் தகவலோடு வரும் ரிலீஸ் மோடு இருக்கிறதே, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதிலும் இதே மேக்ரோதான். டெப் பேக்கேஜ் கட்ட உதவும் டெபியனின் டெப்ஹெல்பர் இங்கே கெட்டி. சிமேக்கிடம் மோடு 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று சொல்லிவிட்டு, கம்பைலருக்கு டெபியனின் சொந்தக் கொடிகளை (அமைப்புகளை) அனுப்புகிறது. ஆப்டிமைசேஷனும் இருக்கும், அசர்ட்டும் உயிரோடு இருக்கும்.

டெஸ்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு டெபியன், ஆர்ச், ஆர்பிஎம் மூன்றின் பேக்கேஜ் கருவிகளிலும் டெஸ்ட்டைத் தவிர்க்கும் 'நோசெக்' உண்டு. வேறு பிராசசருக்காகக் கிராஸ் கம்பைல் செய்யும்போது, கட்டிய நிரல் இந்தக் கணினியில் ஓடாது என்பதால், சரி. சோம்பலுக்கு என்றால் என் கதையை மேலே படிக்கவும்.

அன்று காலை ரிலீஸில் டெஸ்ட்டை ஓட்டினேன். எதிர்பார்த்தபடி பேனிக் ஆகவில்லை என்று சொல்லிச் சிவந்தது. கழித்தலை, முடியாவிட்டால் 'இல்லை' என்று திருப்பித்தரும் வகைக்கு மாற்றி, புதுப் பேக்கேஜோடு வண்டியை எடுத்தேன். இப்போது சின்னக் கூடை வைத்தால் 'கூடையைப் பார்க்கவும்' என்று வருகிறது. அண்ணனுக்கு அதிலும் குறை. செதில் ஒட்டிய திரையில் எழுத்து சின்னதாகத் தெரிகிறதாம்.