தாத்தாவின் ஐம்பது சிகரெட் கொள்ளும் டின்: 1988 முதல் என் விதைப்பெட்டி

கும்பகோணத்தில் பழைய பாத்திரக் கடை ஒன்றில் வட்டச் சிகரெட் டின் இரண்டைப் பார்த்துவிட்டுத் தோழி போன் செய்தாள். "நீ விதை போட்டு வைத்திருப்பாயே, அதே மாதிரி. வாங்கட்டுமா?" நான் அப்போது தஞ்சாவூர் கீழவாசலில், தகர வேலை செய்யும் பெரியவரிடம் அதே டின்னின் நசுங்கிய மூடியைச் சரிசெய்து வாங்கிக்கொண்டிருந்தேன். தெருவில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டின்னின் பெருமை எல்லாம் மூடியில் இருக்கிறது. புதிதாக வரும்போது உள்வாயில் மெல்லிய தகடு ஒன்று காற்றுப் புகாமல் அடைத்திருக்கும். மூடியில் சின்ன முள். அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் முள் தகட்டை அறுக்கும், உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், கூடவே புதுப் புகையிலையின் இனித்த வாசனை. தாத்தா அந்த வேலையை என்னிடம்தான் கொடுப்பார். ஆறு வயதில் அதற்காகத் திண்ணையில் காத்துக் கிடப்பேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊரில் டின் சிகரெட் பிடித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பீடி, சுருட்டு. பெட்டிக்கடைக் கம்பத்தில் நுனி கனன்றபடி ஒரு தேங்காய்நார்க் கயிறு நாள் முழுவதும் தொங்கும். நடவு வேலைக்குப் போகிறவர்கள் குனிந்து பீடியை அதில் பற்றவைத்துக்கொண்டு போவார்கள், தீப்பெட்டிச் செலவு மிச்சம். பையன்கள் சார்மினார், கத்திரி மார்க் சிகரெட் அட்டைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்து விளையாடினார்கள். அப்பாயிக்கு வெற்றிலை சீவலோடு புகையிலை. அப்பாவும் சிகரெட் பிடிப்பார். ஆனால் தாத்தா வாசலில் தெரிந்தால் எரிகிற சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார். தாத்தா இறந்த பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்து பிடித்தார்.

தாத்தா இறந்தது 1981-இல். கடைசி இரண்டு மார்கழியும் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. இருமல் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. நுரையீரல் போய்விட்டது என்றார் தஞ்சாவூர் டாக்டர்.

காரியம் முடிந்ததும் அப்பாயி டின்னைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பாகல், பீர்க்கு, அவரை விதைகளைத் தனித்தனித் துணி முடிச்சாகக் கட்டி உள்ளே போட்டாள். 1988-இல் அவளும் போன பிறகு அது என்னிடம் வந்தது.

விதைப்பெட்டியாக இதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்த அவரை விதையை வண்டு துளைத்திருக்கிறது. டின்னில் வைத்ததில் ஒரு வருடம்கூடத் துளை விழுந்ததில்லை. ஆடிப்பட்டத்துக்கு எடுத்து ஊன்றினால் முளைப்பும் குறைந்ததில்லை. புகையிலையின் நிகோட்டின் பூச்சிக்கு நஞ்சு, அசுவினிப் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் தெளிப்பவர்கள் நாங்கள். ஆனாலும் இதில் மூடியின் இறுக்கத்துக்கே பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளை இதில் வைக்காதீர்கள். மூன்றும் புகையிலையின் குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் சிகரெட்டிலும் நெடுநாள் தங்கும். சிகரெட் பிடித்த கையைக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொட்டாலே பரவிவிடும். ஒரு வருடம் என் தக்காளி நாற்றில் இலை முழுக்கத் தேமல் கண்டது. டின்னால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

என்னால் பொறுக்க முடியாதது வாசனைதான். ஐப்பசி அடைமழையில் மூடி இறுகிக்கொள்ளும். கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தால் இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பழைய இனிப்பு வாசனை மேலே வரும். எலுமிச்சைத் தோல், வேப்பிலை, கரி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மூடியின் உட்புறத்தில் மூன்று கரும்புள்ளிகள் இருக்கின்றன. பாதி சிகரெட்டை அங்கே குத்தி அணைத்து, மீதியைப் பிறகு பிடிப்பார் தாத்தா. ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்வரை மதகுக்கட்டையில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். பெரியவர் மூடியைத் தட்டி நிமிர்த்தியபோது புள்ளிகளையும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டின் முழுவதும் தேடிப் பார்த்திருக்கிறேன், உடலுக்குக் கேடு என்று ஓர் எழுத்து இல்லை. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் பிரிட்டனில் 1950-லேயே எழுதிவிட்டார்கள். நம் நாட்டில் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட 1975-இல்தான் சட்டம் வந்தது. இடைப்பட்ட அத்தனை வருடமும் தாத்தாவின் கைக்கு வந்தது பளபளக்கும் மஞ்சள் பூச்சும் தங்க எழுத்தும் மட்டும். ஆறு வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்துத் திறக்கச் சொல்வதில் தப்பிருப்பதாக அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே தோழி, வாங்காதே. விதைக்குத்தான் என்றால் ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியில் சாம்பல் கலந்து போட்டு வை, போதும். உன் வீட்டில் யாரும் பிடிக்காத சிகரெட்டின் வாசனை உன் சமையலறைக்கு எதற்கு?

நேற்று பாகல் விதை எடுக்கத் திறந்தேன். கரண்டிக் காம்பு தேவைப்படவில்லை. ஒரே சுற்றில் கழன்று வந்தது.