எஃப்.எஸ்.சி. மரம் வாங்குகிறீர்களா? வாட்ஸ்அப்பில் வரும் சான்றிதழை நம்பி அட்வான்ஸ் போடாதீர்கள்

ஏற்றுமதிக்கு மரச்சாமான் செய்யும் சின்ன யூனிட்காரர்களுக்காக எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். அடி வாங்குவது நாம்தான்.

ஜெர்மனி பையருக்குக் குழந்தைகளுக்கான மர பஸில் ஆர்டர். பொறுப்பாகப் பராமரிக்கும் காடு, தோட்டத்து மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) லேபிள் கட்டாயம், எங்கள் யூனிட்டுக்குச் சான்றிதழ் உண்டு. ரப்பர் மரப் பலகை தர வந்த வியாபாரி ஒரு மில்லின் சான்றிதழைக் காட்டி, சாதாப் பலகையைவிடக் கூடுதல் விலைக்கு முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டார். லோடு இறங்கியது. கட்டுக்குக் கட்டு மரமும் டிக்கும் சேர்ந்த அந்த லோகோ ஸ்டிக்கர், பளபளவென்று. அதோடு இருக்க வேண்டிய உரிம எண்ணை மட்டும் காணோம். பில்லில் ‘ரப்பர் மரப் பலகை’ என்பதோடு சரி.

போன் போட்டுக் கேட்டால், “அதே மில்லு மரம்தானே சார், பில்லுல என்ன எழுதுனா என்ன?” என்கிறார்.

விஷயமே அதில்தான் இருக்கிறது. காட்டிலிருந்து லேபிள் ஒட்டும் இடம்வரை அந்த மரத்தை வாங்கி விற்கும் ஒவ்வொருவரிடமும் சொந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். நடுவில் ஒருவரிடம் இல்லையென்றால், எவ்வளவு யோக்கியமான தோட்டத்தில் வெட்டியதாக இருந்தாலும் கணக்கில் அது சாதா மரம். எங்கள் வியாபாரியிடம் அது இல்லை. போகட்டும் என்று மில்லின் எண்ணை எஃப்.எஸ்.சி. இணையதளத்தில் தேடினால் இன்னொரு கூத்து: அதன் சான்றிதழ் மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். போர்டுக்கு மட்டும்தான், பலகைக்கே இல்லை!

ஆர்டர் கைவிட்டுப் போனது. பலகையைச் சாதா விலைக்குத் தள்ளினோம். கூடுதலாக வாங்கிய பணத்தைக் கேட்டால், இன்றுவரை “பார்க்கலாம் சார்”தான்.

நீங்கள் வாங்கும்போது, உங்களுக்குப் பில் போடுபவர் பெயரிலேயே சான்றிதழ் கேளுங்கள். இணையதளத்தில் தேடுவது இலவசம். அது இப்போது செல்லுபடியாகிறதா, நீங்கள் வாங்கும் பொருள் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். பில்லில் அவருடைய சான்றிதழ் எண்ணும், ‘எஃப்.எஸ்.சி. 100%’ அல்லது ‘மிக்ஸ்’ போன்ற வகையும் அச்சாகியிருக்க வேண்டும். எஃப்.எஸ்.சி. சான்றிதழைச் சரிபார்க்க வரும் ஆடிட்டர் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான். ஸ்டிக்கரை யாரும் சீண்டமாட்டார்கள்.

பில், ஸ்டிக்கர் படங்களோடு மில்லுக்குச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் நீங்களும் அனுப்புங்கள்.