வகுப்புக் குழுவா, பள்ளிச் செயலியா, அச்சிட்ட பட்டியலா? பெற்றோரின் கைபேசி எண் யார் கையில் இருக்க வேண்டும்?

கடந்த நவம்பரில் ஒரு மழை நாள். நாலரை மணிக்கு வர வேண்டிய பள்ளி வேன் ஐந்தேகால் ஆகியும் எங்கள் தெருமுனைக்கு வரவில்லை. ஓட்டுநரின் கைபேசி அணைந்திருந்தது. பள்ளி அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. குடையும் கையுமாக மூன்று பெற்றோர் நின்றிருந்தோம். எங்களில் ஒருவரிடம், முந்தைய நிறுத்தத்தில் மகளை இறக்கிக்கொள்ளும் ஒரு தந்தையின் எண் இருந்தது. அழைத்தார். "ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது. வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு இப்போதுதான் இங்கே வந்துவிட்டுப் புறப்பட்டது. பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள்" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

அதே கல்வியாண்டில்தான் இன்னொன்றும் நடந்தது. என் மகள் படிக்கும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு தாயின் எண்ணை எடுத்து, இரவு பதினொன்றரைக்கு மேல் "இன்னும் தூங்கவில்லையா?" என்று செய்தி அனுப்பத் தொடங்கினார், அதே குழுவில் இருந்த ஒருவர். அந்தத் தாய் யாரிடமும் புகார் சொல்லவில்லை. குழுவைவிட்டு வெளியேறினார். அடுத்த வாரம் தேர்வு அட்டவணை மாறியது. அந்த மாற்றம் குழுவில் மட்டுமே அறிவிக்கப்பட்டது. அவருடைய மகன் அறிவியலைப் படித்துக்கொண்டு கணக்குத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தான்.

ஒரு குடும்பத்தின் எண் இன்னொரு குடும்பத்துக்குத் தெரிந்திருப்பது நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். பள்ளிகள் இன்று கையாளும் வழிகள் ஒவ்வொன்றையும் இந்த இரண்டு நிகழ்ச்சிகளோடும் பொருத்திப் பார்க்கலாம். மழை நாளில் அது உதவியிருக்குமா? அந்தத் தாயை அது காப்பாற்றியிருக்குமா?

முதலில் வாட்ஸ்அப் குழு. தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் நடைமுறை. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எத்தனையோ வகுப்புகளை உயிரோடு வைத்திருந்தவை இந்தக் குழுக்கள்தான். வீட்டுப்பாடம், தொலைந்த தண்ணீர் பாட்டில், திடீர் மழை விடுமுறை, அவசரத்துக்கு ரத்தம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே பதில் கிடைக்கிறது. ஆனால் விலை என்ன என்று பாருங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள பிரிவில் தாய், தந்தை, சில வீடுகளில் தாத்தா என்று அறுபது எழுபது எண்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொருவரும் மற்ற அனைவரின் எண்ணையும் பார்க்கலாம். முகப்புப் படத்தில் குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். "நான் இன்னாருடைய அம்மா, இன்று அவனுக்குக் காய்ச்சல், வேனில் வரமாட்டான்" என்று ஒரு வரி எழுதினால் போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, உடல்நிலை, பயண வழி, தாயின் எண் எல்லாம் ஒரே இடத்தில் கோத்துக் கொடுத்தாயிற்று.

பல பள்ளிகள் இங்கே ஒரு தவறான நிம்மதியில் இருக்கின்றன. "அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை" என்பார்கள். அந்த அமைப்பு வாயைத்தான் கட்டுகிறது, எண்ணை மறைப்பதில்லை. உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் அத்தனை எண்களும் முன்போலவே வரிசையாக நிற்கும். அந்தத் தாய்க்கு நள்ளிரவுச் செய்தி வந்தது இப்படிப்பட்ட 'அட்மின் மட்டும்' குழுவிலிருந்துதான்.

எண் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பள்ளி மாறிப் போனவர்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். டியூஷன் நடத்துபவரும் காப்பீட்டு முகவரும் யாரோ ஒரு பிள்ளையின் பெற்றோராக உள்ளே இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்தில், பெயர் கேள்விப்படாத கல்லூரிகளிலிருந்து அழைப்பு வராத வீடு அரிது. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று சொல்லி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடிக்காரர்களை நம்பிப் பெற்றோர் ஏமாறுவதற்குக் காரணம் அவர்களுடைய அறியாமை அல்ல. அழைப்பவன் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் பள்ளியையும் சரியாகச் சொல்கிறான். அதைக் கேட்டபின் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

இதற்கு நேர் எதிர், பள்ளிச் செயலி. பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. செய்தி பள்ளியிலிருந்து வரும், பதில் பள்ளிக்குப் போகும். அந்தத் தாய்க்கு இது நிச்சயம் பாதுகாப்பு. மழை நாளில் நின்ற எங்களுக்கு இதனால் பயன் இருந்திருக்காது. அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாதபோது செயலியில் அறிவிப்பு போட மட்டும் யார் இருந்திருப்பார்கள்? ஒரே ஒரு கைபேசியில்தான் செயலி இருக்கிறது, அந்தக் கைபேசி வேலைக்குப் போன தந்தையின் சட்டைப்பையில் இருக்கிறது என்பதும் பல வீடுகளின் நிலைமை.

செயலி வந்ததும் தகவல் பத்திரமாகிவிட்டது என்று நினைப்பதும் சரியல்ல. மற்ற பெற்றோரிடமிருந்து மறைத்ததை ஒரு நிறுவனத்தின் கணினியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். புகைப்படம், வீட்டு முகவரி, ரத்த வகை, கட்டணப் பாக்கி, வேன் ஏறும் இடம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் பள்ளியும் பெற்றோரும் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக மாநகராட்சியே ஒரு செயலி கொண்டுவந்தது. பாதுகாப்புக் குறையால் வெளியாள் உள்ளே நுழைந்து மாணவர்களின் தகவலைப் பார்க்க முடியும் என்று தெரியவந்தது. அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் மாநகராட்சிக்கு அபராதம் விதித்தது. பணமும் தொழில்நுட்பமும் உள்ள ஒரு நகரத்துக்கே இந்த நிலை என்றால், ஆண்டுச் சந்தா மலிவு என்று ஏதோ ஒரு செயலியை வாங்கும் நம் பள்ளிகள் எவ்வளவு கேள்வி கேட்க வேண்டும்!

அரசுப் பள்ளிகளின் கதை வேறு. அங்கே கல்வித் தகவல் மேலாண்மை முறையில், அதாவது எமிஸில், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பதிவு உண்டு. பெற்றோரின் கைபேசி எண்ணும் அதில் இருக்கிறது. ஆனால் ரீசார்ஜ் செய்ய முடியாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடுகிறது. பதிவில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் வேறு மாவட்டத்தில் யாரோ எடுப்பார்கள். பிள்ளையின் மதிப்பெண்ணும் வருகையும் அந்த அந்நியருக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணைச் சரிபார்ப்பது அந்தரங்கப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை யாரும் சொல்வதே இல்லை.

மூன்றாவது வழி பழையது: அச்சிட்ட பட்டியல். ஜப்பானியப் பள்ளிகளில் 'ரென்ராகுமோ' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. வகுப்பிலுள்ள வீடுகளைக் கோடுகளால் இணைத்து வரைந்த ஒரு தாள் அது. ஆசிரியர் முதல் வீட்டுக்கு அழைப்பார், அந்த வீடு அடுத்த வீட்டுக்கு, அது அதற்கடுத்த வீட்டுக்கு என்று புயல் விடுமுறைச் செய்தி போய்ச் சேரும். 2003-இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2005 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், பல பள்ளிகள் அந்தத் தாளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டன. உண்மையில் அந்தச் சட்டம் பட்டியலைத் தடை செய்யவில்லை. சம்மதம் பெற்றால் கொடுக்கலாம். பயத்தில் அளவுக்கு மீறிப் பின்வாங்குகிறார்கள் என்று அரசுத் தரப்பிலேயே அப்போது பேசப்பட்டது. இந்தக் கதை எனக்கு முக்கியம். தகவலைக் காக்கிறோம் என்ற பெயரில் அண்டை வீடுகளுக்கு இடையிலான கயிற்றையும் அறுத்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டம் இன்னொரு விதமாகப் போகிறது. மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைப் பள்ளி 'அடைவுத் தகவல்' என்று அறிவித்து வெளியிடலாம். வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள வேண்டும். எனக்கு இது உடன்பாடில்லை. அறிவிப்பைப் படிக்காதவர், படிக்கத் தெரியாதவர், வேலைப் பளுவில் மறந்தவர் எல்லாரும் சம்மதித்ததாக ஆகிவிடுகிறது. மறைந்து வாழ வேண்டிய கட்டாயத்தில் உள்ளவரே படிவம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அடிக்கும் கணவனிடமிருந்து பிள்ளையோடு வெளியேறி வேறு ஊரில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, பட்டியலில் ஒரு வரி என்பது வீட்டு வாசலைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

இந்தியச் சட்டம் முன்சம்மதத்தின் பக்கம் நிற்கிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது அது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. பள்ளிகள் தயாராவதற்கான காலம் இதுதான். ஒன்றை மட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டும். தனிமனிதர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே பெற்றோர் தாங்களே தொடங்கிய குழுவில் நடக்கும் தொல்லைக்கு இந்தச் சட்டத்தை அவ்வளவாக நம்ப முடியாது.

என் தேர்வு ஒரே வழியில் அடங்கவில்லை. அறிவிப்புக்கு ஒன்று, பெற்றோர் உறவுக்கு இன்னொன்று எனப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே குழுவில் போட்டுக் குழப்பியதால்தான் தொல்லைக்கு ஆளான தாய் வெளியேறியபோது தேர்வு அட்டவணையையும் சேர்த்து இழந்தார்.

அறிவிப்புக்கு எண் தெரியாத வழி போதும். வாட்ஸ்அப்பிலேயே 'பிராட்காஸ்ட்' பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பள்ளியின் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதால், சேர்க்கை நாளிலேயே அலுவலகத்தில் உட்காரவைத்துச் சேமிக்கச் சொல்லிவிட வேண்டும். பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் 'கம்யூனிட்டி'யின் அறிவிப்புப் பகுதியிலும் உறுப்பினரின் எண் அட்மின்களுக்கும், முன்பே அவரைச் சேமித்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்குக் குறுஞ்செய்தியும் பிள்ளையின் டைரியும் இருக்கவே இருக்கின்றன.

உறவுக்கு, வகுப்பு முழுவதற்குமான பட்டியல் தேவையே இல்லை. அந்த மழையில் எனக்குத் தேவைப்பட்டது அறுபது எண்கள் அல்ல, எங்களுக்கு முந்தைய நிறுத்தத்தின் ஒரே ஓர் எண். வேன் நிறுத்தங்களை வைத்துச் சின்னப் பட்டியல்கள் போடலாம். ஒரே தெரு, ஒரே நிறுத்தம், முன்பின் நிறுத்தங்கள் என்று ஏழெட்டு வீடுகள். பிள்ளையின் பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். பெரியவரின் பெயரும் எண்ணும் போதும். சம்மதித்தவர் மட்டும் அதில் இருப்பார். ஆண்டு முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கேட்க வேண்டும்.

ஜூனில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலைமையாசிரியர் ஒரு படிவம் அச்சிட்டுக் கொடுத்தார். அதில் மூன்று கேள்விகள்: பள்ளி அறிவிப்பு எந்த எண்ணுக்கு வர வேண்டும், உங்கள் எண்ணை நிறுத்தப் பட்டியலில் சேர்க்கலாமா, வகுப்புக் குழுவில் சேர்க்கலாமா. படிவங்களை அடுக்க நான் உதவிக்குப் போயிருந்தேன். குழுவைவிட்டு வெளியேறிய அந்தத் தாயின் படிவமும் வந்திருந்தது. வகுப்புக் குழுவுக்கு நேராக 'வேண்டாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். நிறுத்தப் பட்டியலுக்கு நேராக 'சரி' என்று எழுதி, அதற்குக் கீழே "மழை நாளில் எத்தனை மணிக்கும் அழைக்கலாம்" என்று சேர்த்திருந்தார்.