4,250 ரூபாய் போச்சு: ஆன்லைனில் ஷீல்டு வயர் ரோல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிறவர்கள், சர்வீஸ் பார்க்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். சிங்கிள் கோர் ஷீல்டு வயர் (சிக்னல் போகிற ஒரு உள் வயரைச் சுற்றி, வெளிச் சத்தம் நுழையாதபடி உலோக இழை மூடிய வயர்), 100 மீட்டர் ரோல், 4,250 ரூபாய். வந்தது பெயருக்குத்தான் ஷீல்டு வயர். எப்படிச் சோதித்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

யார் வேண்டுமானாலும் விளம்பரம் போட்டு விற்கிற ஆப்களில் ஒன்று. படத்தில் வயரின் வெட்டுமுனை. செம்பு இழைகள் பாய் பின்னின மாதிரி நெருக்கமாக, உள்ளே இருக்கும் வெள்ளை இன்சுலேஷன் ஒரு பொட்டுகூடத் தெரியாமல். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விற்கிறவனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, சுத்த காப்பர் பின்னல். மைக் செட்காரங்க எல்லாம் நம்மகிட்டதான் எடுக்கிறாங்க. ஆப்புல போட்டா கமிஷன் போயிரும், நேரா என் நம்பருக்குப் போட்டு விடுங்க, 350 ரூபா குறைச்சுத் தர்றேன்." பேச்சு தொழில் தெரிந்தவன் பேச்சு. இழை எத்தனை, பின்னலா சுற்றலா என்று நான் கேட்கும் முன்பே அவனே சொன்னான். அந்த இடத்தில்தான் நம்பினேன். ஒரு அடி சாம்பிள் அனுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் 4,250 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

வயர் வந்தது. மேல் ரப்பர் தடிமனாக, தொட்டால் நல்ல வயர் போலவே இருந்தது. வேலை அவசரத்தில் மூன்று செட்டுக்குப் போட்டாயிற்று. மூன்றுமே 7294 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி போட்ட ஸ்டீரியோ, 50கே (50 கிலோ ஓம்) லாக் வால்யூம், பின்னால் பாட்டு சிக்னல் நுழையும் ஆர்சிஏ சாக்கெட், முன்னால் வால்யூம். மூன்றிலும் ஹம், அதாவது ஸ்பீக்கரில் ஓயாத உறுமல். இரண்டு செட் டெலிவரி ஆகித் திரும்பி வந்தது.

விற்றவனுக்குப் போன் போட்டால், "ஹம்முனா கிரவுண்டுதாண்ணே தப்பு. உங்க வயரிங்கப் பாருங்க." பார்த்துவிட்டுத்தானே பேசுகிறேன்! ஆர்சிஏ சாக்கெட்டில் சிக்னலையும் கிரவுண்டையும் (செட்டுக்குப் பொதுவான ஜீரோ வோல்ட் லைன்) ஷார்ட் செய்துவிட்டு வால்யூமைத் திருப்பினேன். ஜீரோவில் ஹம் இல்லை. ஏற்ற ஏற்றக் கூடுகிறது. முக்கால் சுற்றில் உச்சம். ஃபுல்லில் வைத்தால் மறுபடி அடங்கிவிடுகிறது. ஆம்புக்குள் கிரவுண்டு தப்பு என்றால் வால்யூம் ஜீரோவில் இருந்தாலும் ஹம் பெரும்பாலும் நிற்காது. ஃபில்டர் கண்டென்சர் சார்ஜ் ஆகிற கரண்ட் கிரவுண்டில் கலந்தால் வருவது 100 ஹெர்ட்ஸ், கரகரவென்று கேட்கும். இது 50 ஹெர்ட்ஸ், அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே இடம்தான் மிச்சம்: வால்யூமின் நடுக்காலிலிருந்து (சிக்னல் வெளியே வரும் கால்) போர்டுக்குப் போகும் அந்த 40 சென்டிமீட்டர் வயர்.

காரணம் இதுதான். இன்புட்டை ஷார்ட் செய்த நிலையில் 50கே வால்யூம் ஜீரோவிலும் ஃபுல்லிலும் இருக்கும்போது நடுக்கால் நேராக கிரவுண்டில் உட்காருகிறது. ரெசிஸ்டன்ஸ் சரிபாதியில் இருக்கும்போது இரண்டு பக்கமும் 25கே இணையாக கிரவுண்டுக்குப் போவதால் அங்கே 12.5கே வந்துவிடும், முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறுகிற லாக் வால்யூமில் அந்தப் பாதி கிட்டத்தட்ட முக்கால் சுற்றில் வரும். மெயின்ஸ் வயருக்கும் இந்த சிக்னல் வயருக்கும் நடுவில் வெறும் 1 பிகோஃபாரட் (மிகச் சின்னக் கண்டென்சர் அளவு) இருந்தாலே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 72 நானோ ஆம்பியர் ஏறும். 12.5கே மேல் அது 0.9 மில்லிவோல்ட். 7294 போர்டு அதை 33 மடங்கு பெருக்கினால் ஸ்பீக்கரில் 30 மில்லிவோல்ட். இரண்டு வயரும் பக்கத்தில் இணையாக ஓடினால் 5 பிகோகூட சாதாரணம். அப்போது 150 மில்லிவோல்ட். ராத்திரி அமைதியில் அடுத்த அறை வரை கேட்கும். ஷீல்டு செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கரண்டை சிக்னலுக்குப் போக விடாமல் தானே வாங்கி கிரவுண்டில் இறக்குவது. அதில் ஓட்டை இருந்தால் ஓட்டை வழியாக ஹம் உள்ளே வரும்.

வயரை உரித்தேன். வயிறு எரிந்தது. பின்னலே இல்லை. தலைமுடி கனத்தில் 11 இழை, உள் வயரைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக. வால்யூமுக்குக் கொண்டுபோக மடக்கிய வளைவில் 11 இழையும் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் உள் இன்சுலேஷன் அப்படியே பல்லைக் காட்டுகிறது. பிளேடால் சுரண்டினால் செம்பு போய் வெள்ளை. லைட்டரில் காட்டினால் இழை உருகிச் சுருண்டு உருண்டையாகிறது. அலுமினியத்தில் செம்பு முலாம்! 10 மீட்டர் அளந்து ஷீல்டை மட்டும் மீட்டரில் பார்த்தால், மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸைக் கழித்தும் 2 ஓமுக்கு மேல். நல்ல செம்புப் பின்னலில் அரை ஓம்கூட வராது. பழுதான மைக் கேபிளிலிருந்து வெட்டிய துண்டை அதே இடத்தில் போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. ஹம் போய்விட்டது.

இத்தனையையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல் நாள் பதில்: "டிரான்ஸ்ஃபார்மரத் திருப்பி வச்சுப் பாருங்கண்ணே." 90 டிகிரி திருப்பினேன், மாற்றமே இல்லை. இரண்டாம் நாள்: "இன்புட்ல 1கே, 330 பிஎஃப் போடுங்க." அந்த ரெசிஸ்டரும் கண்டென்சரும் சுமார் 480 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வருவதை வெட்டுவதற்கு. ரேடியோ ஸ்டேஷனும் செல்போன் சத்தமும் நுழையாமல் இருக்க உதவும், 50 ஹெர்ட்ஸை அது தொடவே தொடாது. இது தெரியாதவனா அவன்? மூன்றாம் நாள்: "வெட்டின வயர ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." வெட்டாமல் எப்படி வயரிங் செய்வது? நான்காம் நாளிலிருந்து போன் எடுப்பதில்லை. ஆப்பில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆர்டர் நம்பர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். 350 ரூபாய் மிச்சம் என்று பார்த்து 4,250 ரூபாயையும் விட்டதுதான் மிச்சம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். அந்த விளம்பரம் இன்று காலையும் அதே படத்தோடு ஓடுகிறது.

சோதனை பற்றி விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மூன்று செட்டையும் பிரித்து வயர் மாற்ற வேண்டியிருக்கிறது. சுருக்கமாக: ஒரு அடி சாம்பிள் இல்லாமல் ரோல் வாங்காதீர்கள். உரித்து, விரலில் சுற்றி மடக்கிப் பாருங்கள். வளைவில் உள் இன்சுலேஷன் தெரிந்தால் வேண்டாம். இழையைச் சுரண்டுங்கள், லைட்டரில் காட்டுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். வால்யூமிலிருந்து போர்டுக்குப் போகும் வயரை முடிந்தவரை குட்டையாக, மெயின்ஸ் சுவிட்ச் வயர் பக்கம் போகாமல் வையுங்கள். ஹம் அடங்குகிறது என்று யார் சொன்னாலும் மெயின்ஸ் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து. அதே ரோலை வாங்கி, செட் ஹம் அடிக்கிறது என்று கிரவுண்டைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால், முதலில் வயரை உரித்துப் பாருங்கள்.