பின்னம் நடத்த எது தோது: வட்டமா, பட்டையா, எண்கோடா?

நான்காம், ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்த வழக்கமாகக் கைகொடுப்பவை மூன்று: வட்டம், காகிதப் பட்டை, எண்கோடு. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு பட்டைக்கு.

வட்டம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். தோசையைப் பாதி, கால் என்று பிய்த்துச் சாப்பிட்டவர்கள்தானே! ஒரு துண்டை எடுத்தால் மீதி எவ்வளவு என்பது பார்த்ததும் தெரியும். ஐந்தாகப் பிரிக்கச் சொன்னால்தான் சிக்கல். கோணமானியைத் தொடாத பிள்ளை 72 பாகைக்கு எங்கே போகும்? தோன்றிய இடத்தில் கோடு போடும், சம பாகம் என்பதே அடிபட்டுப்போகும். அப்புறம் 5/4. இரண்டு வட்டங்களை நான்கு நான்காகப் பிரித்து, ஐந்து பாகத்துக்கு வண்ணம் அடித்தால் பலர் 5/8 என்று எழுதுவார்கள். எட்டில் ஐந்துதானே கண்ணுக்குத் தெரிகிறது.

பட்டைக்குப் பழைய காலண்டர் தாள் போதும். நீளம் 12 செ.மீ. இருக்கட்டும், 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். அரை 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4, கால் 3, ஆறில் ஒன்று 2. மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/3ஐவிட 1/4 பெரியது என்று சொல்லும் பிள்ளை இரண்டு துண்டையும் அடுக்கிப் பார்த்தால் தானே திருத்திக்கொள்ளும். 1/2 + 1/3 = 2/5 என்ற புகழ்பெற்ற தப்புக்கும் இதே மருந்து. 6 செ.மீ. துண்டையும் 4 செ.மீ. துண்டையும் நீளவாக்கில் சேர்த்தால் 10 செ.மீ.; அதற்குள் 2 செ.மீ. துண்டு ஐந்து அடங்கும். ஆக 5/6. 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறையும் என்று கேட்டுவிட்டால் வகுப்பே சண்டைக்கு வரும். அந்தச் சண்டைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

ஐந்தில் ஒரு பாகத்துக்கு 12 ஒத்துவராது, 10 செ.மீ. பட்டை தனியாக வேண்டும். இரண்டு நீளத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். பட்டைகளை முன்கூட்டியே நீங்களே வெட்டிவிடுவது நல்லது; பிள்ளைகள் வெட்டினால் பீரியட் அதிலேயே முடிந்துவிடும், அளவும் பிசகும்.

எண்கோட்டில் 5/4 குழப்பமே இல்லை, ஒன்றைத் தாண்டி அடுத்த கோட்டில் நிற்கும். ஆனால் அதில் ஆரம்பிக்கக் கூடாது. பிள்ளைகள் இடைவெளிகளை விட்டுவிட்டுக் கோடுகளை எண்ணுவார்கள். மூன்று பாகம் கேட்டால் நடுவில் மூன்று கோடு போடுவார்கள். 12 செ.மீ.யை ஒன்று என வைத்து எண்கோடு வரைந்து, அதன்கீழ் பட்டைத் துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.